மகளுக்கு மனம் மரத்துவிட்டதா?

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். முதன்முதலில் வார்டுக்குப் போய்வந்த அன்று ஒரு நோயாளியை நினைத்து இரவெல்லாம் அழுதாள். இப்போது "எட்டாம் பெட் லிவர் கேஸ்" என்று சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறாள். நல்ல மருத்துவராக வருவாளா?

பதில்: அழுகை நின்றதற்காகக் கவலைப்படாதீர்கள். கண் கலங்கியபடி ஊசி போட முடியாது. ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்விலும், மூன்றாம் ஆண்டில்தான் பரிவு சரியத் தொடங்கியது. அங்கே அதுதான் வார்டுக்குள் நுழையும் ஆண்டு.

"லிவர் கேஸ்" என்பது சீனியர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பேச்சு. நம் பாடத்திட்டத்தில் 2019 முதல் மனப்பாங்கு, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றைக் கற்பிக்க 'ஏட்காம்' என்ற பகுதி உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வகுப்பு முடிந்து ரவுண்ட்ஸ் போனால், யூனிட் சீஃப் திரையை இழுக்காமலே ஒரு பாட்டியின் சேலையை விலக்குகிறார். மாணவர் மனத்தில் எது நிற்கும்? மாறாக, வீங்கிய மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கப் பத்துப் பேர் காத்திருக்கையில், நான்காவது கை பட்டதும் நோயாளி முகம் சுளிப்பதைக் கண்டு "போதும், மற்றவர்கள் நாளைக்கு" என்று நிறுத்தும் உதவிப் பேராசிரியரும் இருக்கிறார். உங்கள் மகள் யார் யூனிட்டில் போஸ்டிங் பார்க்கிறாள் என்பது அவ்வளவு முக்கியம்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. அமெரிக்காவில் மருத்துவ வாரியங்களின் நடவடிக்கைக்கு உள்ளான 235 மருத்துவர்களின் கல்லூரிக் காலக் கோப்புகளை ஆராய்ந்து 2005-ல் ஓர் ஆய்வு வெளியானது. பொறுப்பின்மையும், குறையைச் சுட்டினால் திருத்திக்கொள்ளாத குணமும் மாணவப் பருவத்திலேயே தலைகாட்டியிருந்தன. நம் வார்டுகளில் அதற்கு மிகச் சாதாரண முகம் உண்டு: இரத்த அழுத்தம் பார்க்காமலே கேஸ் ஷீட்டில் 120/80 என்று எழுதிவைப்பது. மகள் அதை வேடிக்கையாகச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அன்றே கண்டித்துப் பேசுங்கள்.

மற்றபடி, "எட்டாம் பெட்காரருக்குத் துணைக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று எப்போதாவது கேளுங்கள். தெரியாவிட்டால் மறுநாள் விசாரித்திருப்பாள். பெயர், ஊர் மட்டும் கேட்க வேண்டாம். வீட்டிலும் அதைச் சொல்லாதிருக்க அவள் பழக வேண்டும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, கல்லூரிக்குப் போகவே வெறுப்பு வந்தால் அது சோர்வு நோயாக முற்றுவதாக இருக்கலாம். தன் கல்லூரி மனநலத் துறைக்கே போக மாணவர்கள் கூச்சப்படுவார்கள். வெளியே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசச் சொல்லுங்கள்.