வாடகை வீடும் நிச்சய விருந்தும்: கருங்கல் தங்கச்சிக்கு

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து எட்டு மாசமான ஒரு தங்கச்சி கேட்டிருக்காள். ஊரில் நிச்சயம் முடிந்தாச்சு, மாப்பிள்ளைக்கும் இங்கேதான் வேலை, கல்யாணம் அடுத்த வருஷம். அவர் பேரில் ஒரு வாடகை வீடு கிடைத்திருக்கிறது. சுவரெல்லாம் மங்கிப்போய், ஒரு பல்புகூட இல்லாமல் கிடக்கிறது. அதைச் சீராக்கி, நிச்சயத்துக்கு ஊருக்கு வர முடியாத நண்பர்களை ஒரு நாள் கூப்பிட்டுச் சோறு போடணும் என்று ரெண்டு பேருக்கும் ஆசை. "வாடகை வீட்டுக்குப் போய் இவ்வளவு செலவழிக்கணுமா அக்கா?" என்பது கேள்வி.

செலவழி மக்களே. சொந்த வீடு வரட்டும் என்று காத்திருந்தால் இந்த வயசு திரும்பி வராது. ஆனால் எதில் செலவழிக்கிறாய் என்பதுதான் காரியம்.

நான் இரணியல்காரி, இங்கே பதினாலு வருஷமாகிறது. நானும் உன் அத்தானும் எடுத்த முதல் வீட்டில் முன்னறைச் சுவர் ஒன்றுக்குக் குங்குமச் சிவப்பு அடித்தோம். ஊரில் எங்க வீட்டுத் திண்ணையின் சிவப்பு மனசில் இருந்தது. மூணு வருஷம் கழித்துக் காலி பண்ணும்போது அதன் மேலே வெள்ளை அடித்தால், முதல் கோட்டில் ரோஸ், ரெண்டாவது கோட்டிலும் ரோஸ். மூணாவது கோட் முடிக்கும்போது ராத்திரி பதினொன்றைத் தாண்டிவிட்டது. காலையில் வந்த ஓனர் ஜன்னல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்த சிவப்பைக் காட்டி, அட்வான்ஸில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வந்த அழுகை எனக்கு இன்னும் ஞாபகமிருக்கு.

குடியிருக்கும்வரை எந்த நிறம் அடிப்பதும் உன் இஷ்டம். ஆனால் வெள்ளையாக வாங்கிய வீட்டை சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பளிச்சென்ற நிறங்களோடு திருப்பிக் கொடுத்தவர்கள் நஷ்ட ஈடு தரணும் என்று 2013 நவம்பரில் இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே நீதிமன்றம் 2015-ல் இன்னொன்றும் சொன்னது: வெள்ளையடிக்காத பழைய வீட்டை, அதற்கு ஈடாக எதுவும் தராமல் வாடகைக்கு விட்டால், போகும்போது நீதான் அடித்துத் தரணும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் செல்லாது. அதனால் வாளியைத் திறக்கும் முன்னே மங்கின சுவரையும் ஆணி ஓட்டைகளையும் அறை அறையாகப் படம் எடுத்து வை. சாவி வாங்கும்போது வீடு இருக்கிற நிலையைக் குறித்து எழுதும் ஊபர்காபெ ப்ரோட்டோகோல் என்கிற தாளில் அதையெல்லாம் சேர்க்கச் சொல்லு. அட்வான்ஸ் மூணு மாசத்து வெறும் வாடகைக்கு (ஹீட்டிங், தண்ணீர்ச் செலவு சேராதது) மேல் கேட்கக் கூடாது. அதையும் மூணு தவணையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்போதைக்குக் கையில் நிற்கும் காசை வீட்டுச் சாமானுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுவருக்கு வெள்ளையே அடி. பெயிண்ட் வாளியில் டெக்ராஃப்ட் 1 (பழைய நிறத்தை மறைக்கும் திறனில் முதல் தரம்) என்று போட்டிருக்கிறதா பார். மலிவு வாளியை வாங்கினால் ரெண்டு தடவை, மூணு தடவை அடிக்கணும். பத்து லிட்டர் ஒரு கோட்டுக்கு அறுபது சதுர மீட்டருக்கு மேல் வரும். ஓரத்தில் ஒட்டும் டேப்பை பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே உரித்துவிடு. காய்ந்தபின் இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து பெயர்ந்து வரும். வேண்டியதெல்லாம் சனிக்கிழமைக்குள் வாங்கு, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு ட்ரில் சத்தமும் ஆகாது.

ரெண்டு பேரும் சேர்ந்து அடியுங்கள். ஆள் வைத்து அடிக்க இங்கே கூலி அதிகம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நிச்சயத்தன்று பட்டுச்சேலையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தெரியாத மாப்பிள்ளையை, ரோலர் பிடித்து நிற்கும்போது தெரிந்துகொள்வாய். உன் அத்தானுக்கு இவ்வளவு பொறுமை உண்டென்று எனக்குத் தெரிந்ததே அந்த ராத்திரியில்தான்.

காசைக் கூடவே எடுத்துப்போகிற சாமானில் போடு: நல்ல திரைச்சீலை, மஞ்சள் வெளிச்சம் தரும் விளக்கு, ஒரு மேஜை. கூரையில் வெறும் வயர்தான் தொங்கும். மெயினை அணைத்துவிட்டு, வயர் பழக்கம் உள்ளவரை வைத்து மாட்டு. அடுக்களைச் சாமானை முன்னே இருந்தவரிடம் விலை பேசி வாங்கலாம்.

கல்யாணத்துக்கு முன்னே நீ அங்கே குடிபோவதானால் ஓனரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கணும். தகுந்த காரணம் இல்லாமல் அவர் மறுக்க முடியாது. கல்யாணம் ஆனபின் தகவல் சொன்னால் போதும். குடிபோய் ரெண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு கட்டாயம்.

விருந்துக்கு வருகிறேன். ரெண்டு மூணு நாள் முன்னாலேயே மாடிப்படிக் கதவில் ஒரு தாள் ஒட்டு: எங்களுக்கு நிச்சயம், இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, சத்தம் அதிகமானால் மணி அடியுங்கள், கீழே ரெண்டு பேர் பெயரும். பத்து மணிக்கு மேல் பாட்டு வேண்டாம். எல்லாப் பூவும் தோவாளைச் சந்தையில் கிடைக்கிற மாதிரி இங்கே கிடைக்காது. எங்க விருந்துக்கு வெள்ளைக் கார்னேஷனும் ரோஜாவும் வாங்கி ஊசிநூலில் நானே ரெண்டு மாலை கோத்தேன், நாலு மணி நேரம் ஆனது. வருகிறவர்களுக்கு முதலில் போஞ்சி (எலுமிச்சை ஜூஸ்) கொடு. பருப்பு, அவியல், துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), பப்படம், பாயசம், இவ்வளவும் போதும். நம்ம ஊர் மட்டி வாழைப்பழத்துக்கு மட்டும் மாற்று இல்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு சீப்பு கொண்டுவரச் சொல்லு. பப்படம் பொரிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் ஜன்னலைத் திற, இல்லாவிட்டால் புகைமணி அலறும்.

எங்க விருந்தன்று கீழ்வீட்டுப் பாட்டி ஒரு ரொட்டியும் உப்புப் பொட்டலமும் கொண்டுவந்தார். புதுவீட்டுக்குக் கொடுப்பது இவர்கள் வழக்கம். நாம் பாலுகாய்ச்சுக்குப் பால் பொங்க வைக்கிற மாதிரி என்று நான் சொன்னதும், அடுக்களைக்கு வந்து பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு இலை போட்டோம். அப்புறம் அந்த வீட்டில் இருந்தவரை எங்க பார்சலெல்லாம் அவர்தான் வாங்கி வைப்பார்.

விருந்தைப் பகலில் வை. இங்கே குளிர்கால நேரம் பதினொன்று என்றால் ஊரில் மூன்றரை. அம்மா மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்திருப்பார். போனை மேஜை மேல் சாய்த்து வை, நீ மாட்டிய விளக்கும் சுவரும் தெரியட்டும்.