பீட் அமைக்கும் மகனும் ஜே டில்லாவின் வழியும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகன் நள்ளிரவு வரை மடிக்கணினியில் ஹிப் ஹாப் பீட், அதாவது ராப் பாட்டுக்கு அடித்தளமாகும் தாள இசை, அமைப்பதாகவும், வாயைத் திறந்தால் அமெரிக்க பீட் கலைஞர் ஜே டில்லாவின் பெயரையே சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அவன் தேர்ந்தெடுத்திருப்பது நல்ல முன்னோடியைத்தான். அவருடைய வாழ்க்கையைத் தாங்களும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஜேம்ஸ் யான்சி என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1974இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், இசையறிந்த பெற்றோருக்குப் பிறந்தார். ஆம்ப் ஃபிட்லர் என்ற கீபோர்டு கலைஞர் தம் வீட்டிலேயே அவருக்கு எம்.பி.சி. கருவியைக் கற்றுக்கொடுத்தார். பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒலித்துணுக்குகளை எடுத்து, ரப்பர் பொத்தான்களை விரலால் தட்டிப் பீட் அமைக்கும் கருவி அது. விரலின் தட்டல் தாளத்துக்கு இம்மி முந்தினாலும் பிந்தினாலும் கணக்காகச் சரிசெய்துவிடும் வசதி அதில் உண்டு. டில்லா அந்தக் கணக்குக்கு முழுதும் கட்டுப்படாமல், தாம் உணர்ந்த இடத்திலேயே தட்டலை விழவைத்தார். கேட்பவருக்குத் தடுமாற்றம்போலத் தோன்றும் அந்த நடையை, தேர்ந்த டிரம் கலைஞர்களே பின்னாளில் பயிற்சி செய்து பழகினார்கள். அவருடைய எம்.பி.சி. 3000 இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1990களில் அவர் அமைத்த பல பீட்டுகள் 'தி உம்மா' என்ற குழுப்பெயரில் வந்ததால், அவருடைய கைவண்ணம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. அரிய இரத்த நோயோடு போராடிய அவர், 2006 பிப்ரவரி 7 அன்று, தம் 32ஆவது பிறந்தநாளில், 'டோனட்ஸ்' தொகுப்பை வெளியிட்டு மூன்றே நாளில் காலமானார். எனக்கு இன்றும் மனத்தை உறுத்தும் செய்தி இது.

ஆகவே, மகனைத் தடுக்காதீர்கள். ஆனால் பிளஸ் டூவை முடிக்காமல் விடவும் இடங்கொடுக்காதீர்கள். சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கப் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும்; எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதை நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். பீட் வழியாக வருமானம் வரத் தாமதமானாலும், ஒலிப்பதிவு தெரிந்தவருக்குத் திரைப்படம், விளம்பரம், டப்பிங் என்று வேலைக்கு வேறு வாசல்களும் உண்டு.

அமைக்கும் ஒவ்வொரு பீட்டுக்கும் தேதியையும், துணுக்கு எடுத்த இசைத்தட்டின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிறர் இசையிலிருந்து எடுத்ததற்கு அனுமதி பெறாமல் அவன் எதையும் விற்கக் கூடாது. தன் பெயர் எழுத்தில் இடம்பெறாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவும் கூடாது. பதினெட்டு வயது நிறையும்வரை ஒப்பந்தத்தைத் தாங்களே படித்துப் பார்க்க வேண்டும்.

நேரில் வரும்போது, அவன் ஆறு மாதத்துக்கு முன் அமைத்த பீட் ஒன்றையும் இந்த வாரம் அமைத்த ஒன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். மூவருமாக உட்கார்ந்து இரண்டையும் கேட்போம்.