கட்டுச்சோறும் கடல் மீனும்

அன்புள்ள அண்ணா,

கோபிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். சித்திரை மாசம் ஆறு நாள் அந்தமான் போகிறோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், கூடவே என் அத்தை. அத்தைக்கு எழுபது வயசு, சர்க்கரை உண்டு. இப்போதே அரிசி, துவரம்பருப்பு, கொள்ளு, கொப்பரை, ஊறுகாய், இரண்டு டப்பா முறுக்கு, கரண்ட் அடுப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். “தீவுல ஆனை விலை குதிரை விலை சொல்லுவாங்க, நம்ம வாய்க்கும் ஒத்து வராது” என்கிறார். காலேஜ் படிக்கும் மகன், “அத்தனை தூரம் போயும் அரிசிம்பருப்புச் சோறுதானா?” என்று கோவித்துக்கொள்கிறான். நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தமான் போய்வந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணி,

அத்தை மூட்டை கட்டுவதைக் கஞ்சத்தனம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. மலை மறைவில் மழை குறைந்த சீமை நம்முடையது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்கள் பட்ட பாடு நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சில் ரொம்ப நாள் இருந்தது. என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, பழனிக்கு நடந்தாலும் கொடுமுடிக்கு வண்டியேறினாலும் கட்டுச்சோறு இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். வழியில் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்பார். ஆனால் அந்தச் சோறு வழிக்கு மட்டும்தான். போய்ச் சேர்ந்த ஊரில் சந்தைக்குப் போய், அங்கே விளைந்த காயை வாங்கித்தான் பொங்குவார். இந்த இரண்டாவது பாதியை நாம் மறந்துவிட்டோம்.

வழிச்சோறு உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அந்தமானில் கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் மட்டும் கோயமுத்தூரைவிட ஒரு மணி நேரம் முந்தி உதிக்கும். நீங்கள் போகும் சித்திரையில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். தீவுக்குத் தீவு போகும் படகுகள் பலவும் காலையிலேயே கிளம்பும். விடுதியில் இட்லி வேகும் முன்பே நீங்கள் படகுத்துறையில் நிற்பீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு அங்கே காத்திருக்க முடியாது. என் அம்மாவுக்கு அப்படித்தான் ஒருநாள் கை நடுங்கிவிட்டது. பையில் இருந்த கடலையும் வாழைப்பழமும்தான் காப்பாற்றின. கடல் முரண்டினால் படகையே நிறுத்திவிடுவார்கள், அதற்கும் ஒருநாள் கையிருப்பு வேண்டும்.

ஆகவே முதல் நாளுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறு. அப்புறம் வறுத்த நிலக்கடலை, பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி. அவ்வளவு போதும். கொப்பரையை மூட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். காங்கேயம் களத்தில் காயப்போட்டதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது சாதாரணம், ஆனால் எண்ணெய்ப் பிடிப்பால் தீப்பற்றும் என்று விமானப் பெட்டியில் போட விடுவதில்லை. மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள். அடுப்பு வேண்டாம். அறைக்குள் சமைக்க விடுதிகள் பலவும் சம்மதிப்பதில்லை, பெட்டி எடையும் ஏறும். முறுக்கு ஒரு டப்பா போதும், கடல் காற்றில் சீக்கிரம் நமத்துவிடும்.

இனி உங்கள் மகன், அந்தத் தம்பி பேச்சுக்கு வருகிறேன். ஹோட்டலில் வாங்கிச் சாப்பிட்டாலே அது தீவுச் சாப்பாடு ஆகிவிடாது. அந்தமான் ஹோட்டல்களின் அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு பெரும்பாலும் கப்பலில் போனவை. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல், கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள். சமையல் கேஸும் அப்படித்தான் போகிறது. அத்தை பயப்படும் விலையில் ஒரு பங்கு இந்தக் கப்பல் கூலி. அங்கே போய் சாம்பார் சாதம் கேட்டால், அத்தை கட்டிய மூட்டையையே வேறொருவர் சுமந்து வந்து விற்பதை வாங்குகிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

தீவு தானாகக் கொடுப்பது வேறு. மீன், நண்டு, இளநீர், வாழைப்பழம், பப்பாளி. 2018-இல் ஷாகீத் தீவு என்று பேர் மாற்றிய நீல் தீவுக்குக் கட்டாயம் போங்கள். அந்தமானின் காய்கறித் தோட்டம் என்றே அதைச் சொல்வார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்ந்த குடும்பங்கள் அங்கே விவசாயம் செய்கின்றன. கத்தரி, வெண்டை, பூசணிப் பாத்தியைப் பார்த்ததும் என் அம்மா கடலை மறந்து தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா சந்தைக் காயும் மீனும் வாங்கி வந்து கடுகை அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தார். அணை மீன் மட்டுமே தின்று பழகிய என் அம்மா, முதல் நாள் கடுகெண்ணெய் வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோற்றில் எங்கள் கொள்ளுப்பொடியைப் போட்டுப் பிசைந்தார். வீட்டுக்கார அம்மா அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்து, நாக்கில் வைத்து, இன்னும் கொஞ்சம் கேட்டார். பாஷை தெரியாத இரண்டு பேரும் அடுப்படியில் ஒரு மணி நேரம் இருந்தார்கள். மறுநாள் அம்மா மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். டப்பாவை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

அதனால்தான் பொடியை விட்டுவிட்டு வரச் சொல்லமாட்டேன். விவசாயி வீட்டிலிருந்து போகிறீர்கள். நம் மஞ்சளுக்கும் தேங்காய்க்கும் விலை படியாதபோது எப்படி மனசு நோகிறோம்! அந்தத் தீவுக்காரருக்கு வெயிலும் மழையும் போக வருமானம் தரும் மாசங்கள் கொஞ்சம்தான். அவர் தோட்டத்துக் காயை, அவர் பிடித்த மீனை அவர் விலைக்கே வாங்குங்கள். இளநீருக்குப் பேரம் பேச வேண்டாம். அறை எடுக்கும்போதே, வீட்டுச் சமையல் கிடைக்குமா, அத்தைக்கு எண்ணெய் குறைத்துச் செய்வார்களா என்று கேட்டுவிடுங்கள். முறுக்குக் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் தீவில் போடாமல் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

தம்பியிடம் ஒரு வேலை கொடுங்கள்: நீல் தீவுச் சந்தைக்கு அத்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், காயை அவரே பொறுக்கி எடுக்க விட வேண்டும். வந்த பிறகு அத்தைக்கு மீன் பிடித்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்