செஃப் கிளஸ்டரில் கலவை வன்பொருள்: கேள்வி பதில்

(செஃப் என்பது பல சர்வர்களின் வட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் மென்பொருள். அப்படி இணைந்த சர்வர்களின் கூட்டம்தான் கிளஸ்டர்.)

கேள்வி: மூன்று சர்வர்கள் இருக்கின்றன. இரண்டில் தலா 40 டிபி, ஒன்றில் 10 டிபி. ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதி வைத்தால் 30 டிபி கிடைக்கும்தானே?

பதில்: கிடைக்காது. ஒரே சர்வரில் இரண்டு பிரதிகள் இருக்கக்கூடாது என்பது வழக்கமான விதி. ஆகவே எதை எழுதினாலும் அதன் ஒரு பிரதி அந்தச் சின்ன சர்வருக்குப் போயே ஆக வேண்டும். 10 டிபிதான் எல்லை. அதிலும் வட்டு 85 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை வரும். 95இல் எழுதுவதே நின்றுவிடும். பெரிய சர்வர்களில் தலா 30 டிபி சும்மா கிடக்கும். வட்டுகளைக் கழற்றி மூன்றுக்கும் சமமாக மாட்டுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்கையும் ஒரே பூலில் (செஃப் தரவைப் பிரித்து வைக்கும் தொகுப்பில்) போட்டால் வேகம் கூடுமா?

பதில்: எழுதும் வேகம் கூடாது. எல்லாப் பிரதிகளும் பதிவான பிறகே 'எழுதியாயிற்று' என்று செஃப் சொல்லும். மெதுவான வட்டுக்காக மற்றவை காத்திருக்கும். 2017இல் வந்த லூமினஸ் பதிப்பிலிருந்து வட்டுகளை வகை பிரித்து, வகைக்கொரு விதி எழுதலாம்.

வகையை செஃப் தானே கண்டுபிடிக்கும் என்று நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். ரெய்டு அட்டைக்கு (பல வட்டுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் அட்டைக்கு) பின்னால் இருந்த எஸ்எஸ்டிகளைச் சுழலும் வட்டு என்றே இயங்குதளம் அறிவித்தது. அத்தனையும் 'எச்டிடி' (ஹார்ட் டிஸ்க்) பட்டியலில் சேர்ந்துவிட்டன. கையால் மாற்றப் போனால் கட்டளை மறுத்தது. பழைய வகையை நீக்கிய பிறகே புதியதை ஏற்றது. அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போயிற்று.

கேள்வி: 4 டிபி, 16 டிபி வட்டுகளைக் கலக்கலாமா?

பதில்: கலக்கலாம். ஆனால் வட்டின் எடை, அதாவது அதற்கு எவ்வளவு தரவு போகும் என்ற அளவு, கொள்ளளவைப் பொறுத்தது. பெரிய வட்டுக்கு நான்கு மடங்கு தரவு வரும், ஏறத்தாழ நான்கு மடங்கு வேலையும் வரும். அது சுழலும் வேகம் மட்டும் அதேதான்.

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆவணத்தில் உதவ முடியுமா?

பதில்: தாராளமாக. செஃபின் ஆவணம் மூல நிரலோடு ஒரே களஞ்சியத்தில், 'டாக்' என்ற அடைவில் இருக்கிறது. எல்லாம் வெறும் உரைக் கோப்புகள். ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி அவற்றைப் பக்கங்களாக்கும். முழு அத்தியாயம் எழுதக் கிளம்பாதீர்கள். நீங்கள் தடுக்கி விழுந்த இடத்தில் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள், எந்தப் பதிப்பு என்பதோடு. கமிட்டில் (நீங்கள் அனுப்பும் மாற்றத்தின் பதிவில்) உங்கள் பெயரிட்ட ஒப்புதல் வரி இல்லையென்றால் திருப்பிவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் சொந்த கிளஸ்டருக்கு எதை எழுதி வைப்பது?

பதில்: எந்த ஓஎஸ்டி (ஒரு வட்டைக் கவனிக்கும் செஃப் நிரல்) எந்தச் செருகில் இருக்கிறது, அந்த வட்டின் வரிசை எண் என்ன. எடையைக் கையால் மாற்றியிருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்பதும்.