திரை கறுத்தால் 'யெஸ்' அழுத்துவது யார்?

கேள்வி: எம்.சி. ரோட்டில் சில ஜவுளிக் கடைகளின் பில்லிங் கம்ப்யூட்டர்களை வீட்டிலிருந்தே ரிமோட்டில் பார்த்துக்கொள்கிறேன். பிரின்டர் டிரைவர், அப்டேட் என்று எதைப் போடப் போனாலும், அட்மின் அனுமதி கேட்கும் நேரத்தில் என் பக்கம் திரை கறுத்துவிடுகிறது. கல்லாவில் இருப்பவர் பயந்துபோய் 'நோ' அழுத்திவிடுகிறார். அந்த அனுமதிப் பெட்டியே வராமல் நிறுத்திவிடலாமா? (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், அட்மின் கணக்கில் ஓடும் எந்த புரோகிராமும் கேட்காமலே முழு உரிமை எடுத்துக்கொள்ளும். தினமும் கண்டவர் பென்டிரைவ் எல்லாம் செருகும் கடை கம்ப்யூட்டருக்கு அது ஆகாது.

திரை கறுப்பது கோளாறு இல்லை. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் அனுமதி கேட்கும்போது, வழக்கமான டெஸ்க்டாப்பை ஒதுக்கிவிட்டுத் தனியாக ஒரு பாதுகாப்புத் திரையில்தான் பெட்டியைக் காட்டுகிறது. ஏதோ ஒரு வைரஸ் தானாகவே 'யெஸ்' அழுத்திவிடக் கூடாதே! சாதாரண உரிமையில் ஓடும் உங்கள் ரிமோட் மென்பொருளும் விண்டோஸின் கண்ணுக்கு இன்னொரு புரோகிராம்தான்.

சிலர் இந்த அனுமதி கேட்கும் வசதியின் (யூஏசி) அளவைக் கீழிருந்து இரண்டாம் படிக்கு இறக்கி, திரை மங்காமல் செய்துவிடுவார்கள். அப்போது பெட்டி தெரியும், கிளிக் விழாது. உரிமை குறைந்த புரோகிராம் உரிமை கூடிய ஜன்னலைத் தொட விண்டோஸ் விடாது. 'யெஸ்' கொடுத்த பிறகு இன்ஸ்டாலர் மேல் உங்கள் மவுஸ் செத்துக் கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

அதனால் ரிமோட் மென்பொருளுக்கே முதலில் உரிமை வாங்கிவிடுங்கள். எனிடெஸ்க்கை இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டினால், இணைந்தவுடன் மெனுவிலிருந்து உரிமை உயர்வுக்கான கோரிக்கையை அனுப்புங்கள். கடைக்காரர் ஒரே ஒரு முறை 'யெஸ்' கொடுத்தால் போதும், அந்த இணைப்பு முடியும்வரை பெட்டிகள் உங்களுக்கும் தெரியும். முறையாக இன்ஸ்டால் செய்திருந்தால் அதுவும் தேவைப்படாது. விண்டோஸின் சொந்த ரிமோட் மென்பொருளான குயிக் அசிஸ்ட் என்றால் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்து ஆள்தான் அழுத்த வேண்டும்.

அந்த ஒரு 'யெஸ்'ஸைப் போனில் பேசிக்கொண்டே வாங்குங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டு.

"அக்கா, இப்போ ஸ்கிரீன் மங்கும், பயப்படாதீங்க. பெட்டியில என்ன பேரு போட்டிருக்கு?"

"ஏதோ எனிடெஸ்க்குனு இருக்குண்ணே."

"மேல நீலமா, மஞ்சளா?"

"நீலம்."

"சரி, யெஸ் குடுங்க."

விண்டோஸ் 10, 11-ல் நீலம் என்றால் வெளியீட்டாளரின் கையொப்பம் சரிபார்க்கப்பட்டது, மஞ்சள் என்றால் யாரென்று தெரியாதது. சில உள்ளூர் பில்லிங் மென்பொருள்கள் மஞ்சளில்தான் வரும். அது நீங்களே அனுப்பிய ஃபைல்தானா என்று பார்த்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். நீலமாக இருந்தாலும் பெயர் தெரியாததாக இருந்தால் 'நோ'தான். என்னைக் கேட்டால், பயந்து 'நோ' அழுத்தும் அந்த அக்கா கடைக்கு நல்ல காவல், அந்தப் பழக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

பெட்டி பாஸ்வேர்டு கேட்டால், கல்லா கணக்கில் அட்மின் உரிமை இல்லை என்று அர்த்தம். நல்ல ஏற்பாடு, அப்படியே விடுங்கள். முதலாளி கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து இணைந்து, அவர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொண்டால், நாளை அங்கே பணம் போனால் சந்தேகம் முதலில் உங்கள் மேல்தான் விழும்.

அப்புறம், நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் நம்பரைக் கல்லாவில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வேறு நம்பரிலிருந்து எவராவது "பேங்க்ல இருந்து பேசுறோம், எனிடெஸ்க் போடுங்க" என்றால் கட் செய்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த நம்பரையும் கீழே எழுதிவிடுங்கள்.