பிக்கிள்பால் மட்டை: பிறகு மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: பல வருடம் பேட்மின்டன் ஆடியவன். இப்போது ஒரு வருடமாகப் பிக்கிள்பால் ஆடுகிறேன், பெரும்பாலும் இரட்டையர் ஆட்டம். தொடக்கத்தில் வாங்கிய ஃபைபர் கிளாஸ் மட்டையில் டிரைவ், அதாவது பலமாக வீசி அடிக்கும் அடி, நன்றாகப் போகிறது. ஆனால் கிச்சன் (வலையை ஒட்டிய பகுதி) கோட்டில் நின்று டிங்க் செய்தால், அதாவது பந்தை மெதுவாகத் தட்டி எதிராளியின் கிச்சனுக்குள் இறக்கப் பார்த்தால், பந்து எகிறிவிடுகிறது, எதிராளி அதை அடித்து முடித்துவிடுகிறார். புது மட்டை தேடினால் 14 மி.மீ. தடிமன், 16 மி.மீ. தடிமன், நீள வடிவம், அகல வடிவம் என்று தலை சுற்றுகிறது. எல்லா விளம்பரமும் ‘பவர், ஸ்பின், கண்ட்ரோல் மூன்றும் ஒன்றாக’ என்கிறது. எதை நம்பி வாங்குவது?

பதில்: பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். டிரைவில் குறையில்லை, டிங்க்கில்தான் புள்ளி போகிறது. அப்படியென்றால் நீங்கள் தேட வேண்டியது கூடுதல் பவர் கிடையாது. கடைக்குப் போகும் முன் எல்லோரும் இதைத்தான் கவனிக்க வேண்டும்: கடைசியாக ஆடிய சில ஆட்டங்களில் புள்ளி எங்கே போனது? பந்து வலையில் விழுந்ததா, கோட்டுக்கு வெளியே பறந்ததா, உயரமாக எழும்பி எதிராளிக்கு வசதியாகப் போனதா? மட்டையின் தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பவர் என்று ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. கையை முழுதாக வீசி அடிக்கும்போது பந்துக்குக் கிடைக்கும் வேகம் ஒன்று. கையை அதிகம் அசைக்காமல் லேசாகத் தட்டும்போதே பந்து துள்ளிப் போகும் வேகம் இன்னொன்று. இரண்டாவதை ஆட்டக்காரர்கள் ‘பாப்’ என்பார்கள். உங்களைத் தொந்தரவு செய்வது இந்த பாப்தான். ஃபைபர் கிளாஸ் முகம், அதாவது பந்து படும் பரப்பு, கார்பன் முகத்தைவிட அதிகம் வளைந்து திரும்பும். அதனால் மெதுவான தட்டலிலும் பந்தை வெளியே தள்ளும். பேட்மின்டனில் பழகிய மணிக்கட்டுச் சுண்டலும் அதோடு சேர்ந்தால் டிங்க் எகிறாமல் என்ன செய்யும்?

சரி, எதை வாங்குவது? நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான். மட்டையில் பிறகு மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். மாற்றக் கூடியவற்றைக் குறைவான பக்கமே எடுத்து, பிறகு கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளகத்தின் (இரண்டு முகங்களுக்கும் நடுவில் உள்ள பகுதியின்) தடிமன், வடிவம், கைப்பிடியின் நீளம், முகத்தின் பொருள் ஆகிய நான்கையும் மாற்ற முடியாது. எடையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. கைப்பிடியின் சுற்றளவும் அப்படித்தான்: மேலே ஓவர்கிரிப் என்ற பட்டியைச் சுற்றித் தடிக்க வைக்கலாம், மெலிய வைப்பது கடினம்.

முதலில் தடிமன். பெரும்பாலான மட்டைகளின் உள்ளே பாலிபுரோப்பிலீனால் ஆன தேன்கூடு போன்ற அமைப்பு இருக்கும். இந்தத் தேன்கூடு யோசனை விமானத்திலிருந்து வந்தது. 1984இல் போயிங் பொறியாளர் ஆர்லன் பராண்டோ, விமானத்தில் பயன்படும் தேன்கூடுப் பலகையைக் கொண்டு முதல் கூட்டுப்பொருள் மட்டையைச் செய்தார். அதுவரை ஒட்டுப்பலகைதான். தேன்கூடு தடிமனாக இருந்தால் அடியின் அதிர்வை அதிகம் உள்வாங்கும், நடுவில் சரியாகப் படாத பந்தும் ஓரளவு நினைத்த இடத்துக்கே போகும். மெலிந்தால் பாப் கூடும், சரியாகப் படாத அடியைச் சமாளிக்கும் குணம் குறையும். வெறும் 2 மி.மீ. வித்தியாசம்தானே என்று நினைக்காதீர்கள். ஒரே மாடலின் 14, 16 இரண்டையும் அடுத்தடுத்து பிடித்து டிங்க் ஆடினால் கை உடனே சொல்லிவிடும். உங்களுக்கு 16 மி.மீ. என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அடுத்து வடிவம். விதிப்படி மட்டையின் நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் மட்டும் 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தடிமனுக்கும் எடைக்கும் வரம்பு இல்லை. ஆகவே நீளத்தில் எடுப்பதை அகலத்தில் கொடுத்தாக வேண்டும். நீள வடிவம் 16.5க்கு 7.5, அகல வடிவம் 16க்கு 8 என்ற அளவில்தான் பெரும்பாலும் வரும். நீளமான மட்டை எட்டும் தூரத்தைக் கூட்டும், முனை வேகமாகச் சுழல்வதால் டிரைவுக்கும் சர்வுக்கும் பலம் தரும். ஆனால் பந்து ஓரத்தில் பட்டால் கைக்குள் திரும்பிவிடும். அகலமானது திரும்பாது, வலை அருகே மட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேகமாகத் திருப்பவும் வசதியாக இருக்கும். இரட்டையரில் கிச்சன் கோட்டில் நின்று ஆடும் நேரமே அதிகம் என்பதால் உங்களுக்கு அகலமானது, அல்லது இரண்டுக்கும் நடுவில் வரும் ஹைப்ரிட் வடிவம் பொருந்தும். பேட்மின்டன்காரர்கள் பேக்ஹேண்டுக்கு இரண்டு கை போடுவது அரிது. அதனால் ஐந்தரை அங்குலக் கைப்பிடியைத் தேடி அலைய வேண்டாம். ஐந்து அங்குலம் போதும்.

எடை பற்றிப் பேசும்போது பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 8 அவுன்ஸ், அதாவது சுமார் 227 கிராம் உள்ள இரண்டு மட்டைகளில் ஒன்று கையில் பறக்கும், இன்னொன்று இழுக்கும். எடை முனைப்பக்கம் இருக்கிறதா, கைப்பிடிப் பக்கம் இருக்கிறதா என்பதுதான் காரணம். வீசும்போது உணரும் இந்தக் கனத்தை ஸ்விங் வெயிட் என்ற எண்ணாகச் சொல்வார்கள். பெரும்பாலும் 100 முதல் 125 வரை வரும். 110க்குக் கீழே இருந்தால் மட்டையை விரைவாகத் திருப்பலாம், 120ஐத் தாண்டினால் அடியில் பலமும் தோளில் களைப்பும் சேர்ந்தே வரும். ஓரத்தில் பட்டால் மட்டை எவ்வளவு திரும்பாமல் நிற்கிறது என்பதற்கு ட்விஸ்ட் வெயிட் என்று தனி எண் உண்டு, அது கூடக் கூட நல்லது. இந்த இரண்டு எண்களையும் வெளியிடாத தயாரிப்பாளர்கள் பலர். தனியாக அளந்து வெளியிடும் விமர்சகர்களின் பட்டியலில் உங்கள் மாடல் இருந்தால் பாருங்கள்.

7.8 அவுன்ஸ் அளவில் ஒன்றை எடுத்து, சில வாரம் ஆடிப் பாருங்கள். பந்து பலமாக வரும்போது மட்டை தள்ளப்படுவதாகத் தோன்றினால், கடிகார முகமாக நினைத்து 3 மணி, 9 மணி இடங்களில் எடைப் பட்டி ஒட்டுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று கிராமே வித்தியாசம் காட்டும். உச்சியில், 12 மணி இடத்தில் ஒட்டினால் டிரைவுக்குப் பலம் கூடும், கை மெதுவாகிவிடும். ஈயப் பட்டியானால் ஒட்டிய பிறகு கை கழுவுங்கள். டங்ஸ்டன் பட்டியும் கிடைக்கிறது, எனக்கு அதுதான் விருப்பம்.

இந்த 16 மி.மீ. மட்டையில் டிரைவின் வேகம் சற்றுக் குறையத்தான் செய்யும். அதை மறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் வீச்சு உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. முழு வீச்சில் வரும் வேகத்தின் பெரும்பங்கு உடம்பிலிருந்து வருகிறது. மென்மையான பந்தில்தான் மட்டையின் குணம் அதிகம் தெரியும்.

கேள்வி: ஸ்பின் வேண்டுமென்றால் டி700 ரா கார்பன்தான் என்கிறார்கள். 3கே, 18கே என்றும் எழுதியிருக்கிறது. எண் பெரிதானால் ஸ்பின் கூடுமா?

பதில்: கூடாது. டி700 என்பது ஜப்பானின் டோரே நிறுவனத்தின் கார்பன் இழைத் தரத்தின் பெயர், இழையின் வலிமையைக் குறிப்பது. 3கே என்றால் ஒரு கற்றையில் 3,000 இழைகள், 18கே என்றால் 18,000 இழைகள். நெசவின் தோற்றத்தையும் விறைப்பையும் அது மாற்றலாம், பந்தைப் பிடிக்கும் சொரசொரப்பு அங்கிருந்து வருவதில்லை.

ரா கார்பன், அதாவது மேலே பெயின்ட் பூசாத கார்பன் முகத்தில் சொரசொரப்பு வருவது இப்படி: கார்பனின் மேல் பிசின் இறுகும் முன் நெசவுள்ள ஒரு துணியைப் பதித்து, இறுகியதும் உரித்து எடுப்பார்கள். துணியின் தடம் பிசினில் நிற்கும். பிக்கிள்பால் பந்து வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக். டென்னிஸ் பந்துபோல அதில் மயிர் கிடையாது. ஆகவே உராய்வு முழுவதும் மட்டையின் முகத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தத் தடத்துக்கும் விதி உண்டு. யு.எஸ்.ஏ. பிக்கிள்பால் அமைப்பின் அளவுகோலில் முகத்தின் மேடு பள்ளங்களின் சராசரி உயரத்தைச் சொல்லும் ஆர்.இசட். என்ற அளவு 30 மைக்ரோமீட்டரையும், அவற்றின் அதிகபட்ச உயரத்தைச் சொல்லும் ஆர்.டி. என்ற அளவு 40 மைக்ரோமீட்டரையும் தாண்டக் கூடாது. எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே வரம்புக்குள்தான் போட்டியிடுகிறார்கள். எனவே ‘மற்றவற்றைவிட இரண்டு மடங்கு ஸ்பின்’ என்று ஒரு விளம்பரம் சொன்னால் அதை நான் நம்பமாட்டேன்.

தடம் தேயும். வாரத்தில் பல நாள் ஆடுபவருக்குச் சில மாதங்களிலேயே விரல் வைத்தால் வித்தியாசம் தெரியும். பெயின்டில் மணல்போலத் துகள் கலந்து பூசிய மட்டைகள் இன்னும் சீக்கிரம் வழுக்கிவிடும், ஆகவே அந்த வகையைத் தவிருங்கள். பல சமயம் வழுக்கக் காரணம் தேய்மானமாக இருக்காது, பந்தின் பிளாஸ்டிக் தடத்தின் பள்ளங்களில் அடைந்திருக்கும். கார்பன் முகத்தைத் துடைப்பதற்கென்றே விற்கும் ரப்பர் கட்டியால் தேய்த்தால் கறுத்துப்போன இடம் மீண்டும் பிடிக்கும். மணல்தாளை மட்டும் எடுக்காதீர்கள். அப்படித் திருத்திய மட்டையைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: தெர்மோஃபார்ம் மட்டை வாங்கினால் நடு உடைந்துவிடும் என்கிறார்கள். பழைய மட்டை ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: தெர்மோஃபார்ம் என்றால் முகம், உள்ளகம், கைப்பிடி எல்லாவற்றையும் அச்சில் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே உடலாக்குவது. விளிம்பில் நுரையும் நிரப்புவார்கள். விறைப்பு கூடும், பவர் கூடும், நல்ல அடி விழும் பரப்பும் விரியும். ஆனால் அந்தச் சூடும் அழுத்தமும், பிறகு விழும் பலத்த அடிகளும் தேன்கூட்டின் அறைகளை நசுக்கிவிடலாம். அறைகள் நசுங்கினால் முகம் தளர்ந்து, பந்தை டிராம்போலின்போல எறியத் தொடங்கும். ‘இப்போதெல்லாம் இந்த மட்டை சூப்பராக அடிக்கிறது’ என்று ஒருவர் மகிழும் நேரத்தில் பல சமயம் மட்டை கெட்டுப்போயிருக்கும். அது விதிமீறல். எதிரில் கிச்சன் கோட்டில் நிற்பவருக்கு ஆபத்தும்கூட.

பழையதை வாங்கும் முன் இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் அழுத்துங்கள். உள்வாங்கினாலோ நறநறவென்றாலோ வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் விரல் கணுவால் முகம் முழுவதும் தட்டிக் கேளுங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினால் அங்கே முகம் பிரிந்திருக்கலாம். உள்ளே ஏதோ உருளும் சத்தத்தையும் கேளுங்கள். இவ்வளவும் தேறினாலும் தடம் தேய்ந்த ரா கார்பன் மட்டைக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

முழுக்க நுரை நிரப்பிய உள்ளகங்கள் இப்போது வருகின்றன. நசுங்குவதற்குத் தேன்கூட்டு அறைகளே அங்கில்லை என்பதால் இந்தக் குறிப்பிட்ட கோளாறு வராது. அதற்காக ஆயுள் முழுக்க உழைக்கும் என்று யாராவது சொன்னால் உத்தரவாதக் காலம் எவ்வளவு, அதில் உள்ளகம் அடங்குமா என்று கேளுங்கள்.

கேள்வி: முழங்கை வலிக்கிறது. எடை குறைந்த மட்டைக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: மாறினால் வலி கூடவும் வாய்ப்புண்டு. மிக லேசான மட்டை பந்தின் மோதலைத் தாங்காமல் அதிர்வைக் கைக்கே அனுப்பும். போதாக்குறைக்கு நீங்களும் இன்னும் வேகமாக வீசுவீர்கள். 16 மி.மீ. தடிமன், நடுத்தர எடை, திரும்பாத வடிவம் பாருங்கள். கைப்பிடி மெலிந்திருந்தால் இறுக்கிப் பிடிப்போம், அதுவும் வலிக்கு ஒரு காரணம். உள்ளங்கையின் நடு ரேகையிலிருந்து மோதிர விரலின் நுனிவரை அளந்தால் உங்களுக்கான சுற்றளவு ஏறக்குறையத் தெரியும், பெரும்பாலும் 4 முதல் 4.5 அங்குலத்துக்குள் வரும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருந்தால் சிறியதை எடுத்து ஓவர்கிரிப் சுற்றுங்கள். வலி நீடித்தால் மட்டையை மாற்றிக்கொண்டே இருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் தன் மட்டையைப் பத்து நிமிடம் கொடுப்பார். அதற்குள் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கையில் கிடைத்ததும் எல்லோரும் ஒரு டிரைவ் அடித்துப் பார்த்து ‘அடேயப்பா’ என்பார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். முதல் நான்கு நிமிடம் டிங்க் மட்டும், நேராகவும் குறுக்காகவும். அடுத்து எதிரில் இருப்பவரைப் பலமாக அடிக்கச் சொல்லி, அதை நீங்கள் கிச்சனுக்குள் இறக்கிவிட முயலுங்கள். ரிசெட் என்கிற அந்த அடியில்தான் உங்களுக்கு மட்டை ஒத்துழைக்கிறதா என்று தெரியும். பிறகு பின்கோட்டிலிருந்து சில மூன்றாம் அடி டிராப், அதாவது சர்வுக்கும் அதன் பதிலுக்கும் அடுத்து பந்தை மெதுவாகக் கிச்சனுக்குள் இறக்கும் அடி. மிச்ச நேரத்தில் சர்வும் டிரைவும்.

நண்பரின் மட்டையில் எடைப் பட்டியோ கூடுதல் கிரிப்போ இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் கடையிலிருந்து வருவது வேறு மாதிரி இருக்கும். மாடல் பெயரோடு தடிமனையும் குறித்துக்கொண்டு வாருங்கள். போட்டிகளில் ஆடும் எண்ணம் இருந்தால், அந்தப் போட்டி யாருடைய அங்கீகாரப் பட்டியலைப் பின்பற்றுகிறது என்று விசாரித்து, அதே பெயரும் அதே தடிமனும் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.