தோட்டச் சங்கங்களின் ஆண்டு மாநாடு: பொறுப்பேற்ற தன்னார்வலர்களின் கேள்விகளும் பதில்களும்

மாநாட்டை ஏற்று நடத்தும் சங்கங்களின் தன்னார்வலர்கள் கேட்ட கேள்விகள் இவை. சுமார் 200 பேர், இரண்டரை நாள், மலர்க் கண்காட்சி, தோட்டச் சுற்றுலா, செடி விற்பனை என்ற அளவை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (புதிய செயலாளர்): எங்கள் சங்கத்தில் 40 பேர்தான் இருக்கிறோம், ஐயா. எதிலிருந்து தொடங்குவது?

தேதியிலிருந்து. உங்கள் பகுதித் தோட்டங்கள் எந்த மூன்று வாரம் பார்க்கும்படி இருக்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த மூன்று வாரத்துக்குள் மண்டபம் கிடைக்கிற நாளைப் பிடியுங்கள். இதற்கு 15 முதல் 18 மாதம் முன்பே அலைய வேண்டும். மண்டபத்தை முதலில் பிடித்துவிட்டு, பூவே இல்லாத மாதத்தில் தோட்டச் சுற்றுலா போன சங்கங்கள் உண்டு.

பதிவு, கணக்கு, சொற்பொழிவுகள், கண்காட்சி, சுற்றுலா, விற்பனை, உணவு என ஏழு பொறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரை எழுதுங்கள். இருவர் பெயர் போட்டால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே விட்டுவிடுவார்கள். ஒருங்கிணைப்பாளரிடம் இந்த ஏழில் எதையும் கொடுக்காதீர்கள். மாநாட்டு நாளில் பேருந்து வராதபோதும் ஒலிபெருக்கி இரையும்போதும் ஓடுவதற்கு ஓர் ஆள் கைவீசி இருக்க வேண்டும்.

கேள்வி (பொருளாளர்): பதிவுக் கட்டணத்தை எப்படி முடிவு செய்வது? போன முறை நடத்தியவர்களுக்குக் கைநட்டம்.

எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு, தலைக்கு இவ்வளவு என்று கூடும் செலவு என இரண்டு பட்டியல் போடுங்கள். மண்டப வாடகை, ஒலி, ஒளி, பேச்சாளர் பயணம் முதல் பட்டியலில். உணவு, பை, பெயர் அட்டை இரண்டாவதில். மாறாத செலவை எதிர்பார்க்கும் 200 பேரால் வகுக்காமல், அதில் 70 சதவீதமான 140 ஆல் வகுங்கள். அதோடு தலைச் செலவைச் சேர்த்து, மொத்தத்தின் மேல் 10 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு வையுங்கள். அதுதான் கட்டணம். 140 பேர் வந்தாலே கணக்கு நேராகிவிடும்.

நட்டம் பெரும்பாலும் மூன்று இடத்தில் வருகிறது. முதலாவது, இலவசச் சாப்பாடு. பேச்சாளர், நடுவர், தன்னார்வலர், ஓட்டுநர் என்று 25 பேராவது பணம் கட்டாமல் சாப்பிடுவார்கள். 200 பேர் பதிவு என்றால் 225 இலைக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டாவது, பேருந்து. அது தலைக்கு ஏறுவதில்லை, படிப்படியாக ஏறுகிறது: 46-ஆவது ஆளைச் சேர்த்தால் இன்னொரு பேருந்து முழு வாடகையோடு வந்து நிற்கும். அதனால் சுற்றுலா இடங்களை 45, 90, 135 என்று நிறுத்திக்கொள்ளுங்கள், மீதிப் பேரைக் காத்திருப்போர் பட்டியலில் வையுங்கள். மூன்றாவது, பணம் திருப்பித் தரும் கடைசி நாள். சமையல்காரருக்கு இறுதி எண்ணிக்கை சொல்லும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அது முடிந்துவிட வேண்டும்.

மாநாட்டுக்கெனத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

கேள்வி: பதிவு மேசையில் எத்தனை பேரை உட்கார வைப்பது?

ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கேயே படிவம் நிரப்பி, பணம் வாங்கி, ரசீது எழுதினால் ஆளுக்கு 2 நிமிடம். முதல் ஒரு மணி நேரத்தில் 150 பேர் வந்தால் 300 நிமிட வேலை, அதாவது 5 மேசை. முன்பதிவு செய்தவர்களின் பையை அகர வரிசையில் அடுக்கி, எடுத்துக் கொடுப்பது மட்டும் என்றால் அரை நிமிடம். இரண்டு மேசை போதும். பணம் பாக்கி, பெயர் விடுபட்டது, அறை கிடைக்கவில்லை போன்ற சிக்கல்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தனி மேசை போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவருடைய சிக்கலுக்காக முப்பது பேர் வெயிலில் நிற்பார்கள்.

பெயர் அட்டையை இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். கழுத்தில் தொங்குவது எப்படியும் திரும்பிக்கொள்ளும்.

கேள்வி (சுற்றுலாப் பொறுப்பாளர்): ஒரு நாளில் ஆறு தோட்டங்கள் காட்டலாம் என்று நினைக்கிறோம். இரண்டு பேருந்து, 90 பேர். முடியுமா?

முடியாது. நான்கு போதும், அதுவும் அருகருகே இருந்தால்.

கணக்கைப் பாருங்கள். ஒரே கதவுள்ள பேருந்திலிருந்து 45 பேர் இறங்க 5 நிமிடம். திரும்ப ஏறி, தலை எண்ணி, வராத இருவரைத் தேடிக் கூட்டிவர 10 நிமிடம். தோட்டத்துக்குள் 45 நிமிடம் என்றால் அட்டவணையில் அது ஒரு மணி நேரம். நான்கு தோட்டம், நான்கு மணி நேரம். பயணமும் சாப்பாடும் சேர்ந்தால் நாள் முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட அட்டவணையைக் கவிழ்ப்பது கழிப்பறைதான். 45 பேரில் 30 பேருக்குத் தேவைப்படும் என்று வையுங்கள். ஆளுக்கு 2 நிமிடம், வீட்டில் ஒரே கழிப்பறை: ஒரு மணி நேரம் வரிசை. மூன்றாவது தோட்டத்துக்குப் போகும்போது மாலையாகியிருக்கும். எனவே இரண்டு தோட்டத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஆறு கழிப்பறை உள்ள பொது இடத்தில் பேருந்தை நிறுத்துங்கள். தோட்டக்காரர் வீட்டுக் கழிப்பறை அவசரத்துக்கு மட்டும்.

இரண்டு பேருந்தும் ஒரே வட்டத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றட்டும். அப்போது 90 பேர் ஒரே வாசலில் சேர மாட்டார்கள். நான்கு தோட்டங்களில் வரிசை 1, 2, 3, 4 என்றும் 4, 3, 2, 1 என்றும் போனால் எங்கும் மோதாது.

ஒரு தோட்டத்துக்குள் 45 பேர் ஒரே வரிசையாக நடந்தால், உரிமையாளர் சொல்வது முன்னால் போகும் பத்துப் பேருக்குத்தான் கேட்கும். 15 பேர் கொண்ட மூன்று குழுவாகப் பிரியுங்கள். தோட்டத்தில் மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றிலும் விளக்க ஒருவர், 15 நிமிடத்துக்கு ஒரு மணியோசை. முக்கியச் செடிகளுக்குப் பெயர்ப் பலகை வைத்துவிட்டால் ஒரே கேள்விக்கு நாற்பது தடவை பதில் சொல்ல வேண்டியிருக்காது.

முன்னோட்டப் பயணத்தை அதே கிழமையில், அதே நேரத்தில், முடிந்தால் ஓட்டுநரோடு போங்கள். 12 மீட்டர் பேருந்து திரும்புவதற்கு ஏறக்குறைய 24 மீட்டர் குறுக்களவு வேண்டும். காரில் போனால் இது கண்ணுக்குப் படாது. தாழ்ந்த கிளைகளும் மின்கம்பிகளும் 4 மீட்டருக்கு மேலே இருக்கின்றனவா என்று கழியை வைத்துப் பாருங்கள். தோட்டக்காரரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: முந்தைய நாள் மாலை பாதையில் தண்ணீர் விட வேண்டாம் (வழுக்கும்), தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைக்க வேண்டும், கடைசி ஒரு வாரம் பூச்சிமருந்து தெளிக்கவே வேண்டாம்.

கேள்வி: மாநாட்டு நாளில் ரோஜா பூத்திருக்க, எப்போது கவாத்து செய்வது?

வெப்பமான பருவத்தில் கவாத்திலிருந்து பூவுக்கு 45 நாள் முதல் 55 நாள் வரை; குளிர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஒரே நாளில் எல்லாச் செடியையும் வெட்டி வானிலையை நம்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை 55 நாள் முன்னும், அடுத்த பங்கை 50 நாள் முன்னும், கடைசிப் பங்கை 45 நாள் முன்னும் வெட்டுங்கள். ரகத்துக்கு ரகம் நாள் மாறும் என்பதால், முந்திய ஆண்டே ஒருமுறை வெட்டிப் பார்த்து நாளைக் குறித்துவைப்பது நல்லது.

கேள்வி (கண்காட்சிப் பொறுப்பாளர்): காலையில் நிமிர்ந்து நின்ற பூக்கள் நடுவர் வருவதற்குள் தலை தொங்கிவிடுகின்றன. ஏன்?

வெட்டிய விதத்தில் பாதி, வைத்த இடத்தில் பாதி.

பூவை முந்தைய நாள் மாலையோ அன்று அதிகாலையிலோ வெட்ட வேண்டும். வாளி தோட்டத்துக்குள்ளேயே கூட வர வேண்டும். தண்ணீருக்குள் போகும் பகுதியில் ஓர் இலைகூட இருக்கக் கூடாது. அழுகிய இலையில் பெருகும் பாக்டீரியாதான் தண்டின் குழாய்களை அடைக்கிறது. அடியில் 2 முதல் 3 செ.மீ. சாய்வாக மறுபடி வெட்டி, பூவின் கழுத்து வரை தண்ணீரில், காற்றோட்டமில்லாத குளிர்ந்த இருட்டறையில் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க வைக்க வேண்டும். நேராக மேசைக்கு வந்த பூ தாகத்தோடு வருகிறது.

ரோஜா கழுத்து மடிந்தால் பெரும்பாலும் தண்டுக்குள் காற்றுக் குமிழியோ அடைப்போ இருக்கிறது. 3 செ.மீ. வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஆழமாக வைத்தால் பெரும்பாலானவை எழுந்துவிடும். பால் வடியும் தண்டுகளின் நுனியைக் கொதிக்கும் நிலையிலுள்ள நீரில் 20 முதல் 30 விநாடி தோய்த்தால் பால் நின்றுவிடும். அந்தப் பால் கண்ணிலும் தோலிலும் எரிச்சல் தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டாஃபடிலை மற்றப் பூக்களோடு ஒரே வாளியில் போடாதீர்கள். அதன் கோழைச்சாறு டியூலிப், ரோஜா இரண்டையும் கெடுக்கும்.

அலங்காரத்துக்குப் பச்சை நுரைக்கட்டியை நனைக்கும்போது கையால் அழுத்தி மூழ்கடிப்பவர்கள் பலர். வெளிப்புறம் நனைந்து நடுவில் காற்று சிறைப்பட்டுவிடும்; அந்த உலர்ந்த இடத்தில் குத்திய தண்டுதான் முதலில் வாடும். தண்ணீரின் மேல் மிதக்க விடுங்கள், தானாக மூழ்கட்டும்.

அடுத்தது இடம். பழுத்த ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடுகின்றன. காய்கனிப் பிரிவை வெட்டுப்பூ மேசைக்குப் பக்கத்தில் போட்டால் கார்னேஷன் இதழ்கள் உள்ளே சுருண்டு மூடிக்கொள்ளும், ஆர்க்கிட் சீக்கிரம் தளரும். பொருள் இறக்கும் வாசலில் வண்டிகள் எஞ்சினை ஓடவிட்டு நின்றாலும் அதே வாயு உள்ளே வரும். காய்கனியை மண்டபத்தின் மறு கோடியில், காற்று வெளியே போகும் பக்கம் வையுங்கள்.

கேள்வி: போட்டிக்கு வரும் 300 ஒற்றைத் தண்டுப் பதிவுகளுக்கு (குவளைக்கு ஒரு பூத்தண்டு) எத்தனை மேசை, எத்தனை நடுவர்?

180 செ.மீ. நீள மேசையில், குவளைக்கு 20 செ.மீ. வீதம் ஒரு வரிசையில் 9. பின் வரிசையை 15 செ.மீ. பலகை மேல் உயர்த்தினால் மேசைக்கு 18. 300 பதிவுக்கு 17 மேசை. சில பிரிவுகள் எதிர்பார்த்ததற்கு மேல் நிரம்பும் என்பதால் 20 போடுங்கள். கிண்ண அலங்காரத்துக்கு 60 செ.மீ. வேண்டும், மேசைக்கு மூன்றுதான்.

மூவர் கொண்ட ஒரு நடுவர் குழு மணிக்கு 40 பதிவு பார்க்கும் என்று வைத்தால் 300-க்கு ஏழரை மணி நேரம். இரண்டரை மணி நேரத்தில் முடிக்க மூன்று குழு வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் எழுதுவதற்கு ஒருவர் தனியாக இருக்கட்டும். காலை 6 முதல் 9.30 வரை அடுக்கல், 10 முதல் 12.30 வரை தீர்ப்பு, 1 மணிக்குப் பொதுமக்கள். 9.30-க்குக் கதவை மூடுங்கள். காட்சியாளர் பெயர் தெரியாதபடி சீட்டு மடிந்திருக்க வேண்டும். எந்த நடுவரும் தான் பங்கேற்கும் பிரிவைப் பார்க்கக் கூடாது.

குவளைக்கு அரை லிட்டர் என்றால் 150 லிட்டர் தண்ணீர் வேண்டும். காலிக் குவளைகளை மேசையில் அடுக்கிவிட்டு, நீண்ட மூக்குள்ள பூவாளியால் நிரப்புங்கள். மறுநாள் காலை மீண்டும் நிரப்பவும் ஆள் ஒதுக்குங்கள்; பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

கேள்வி (விற்பனைப் பொறுப்பாளர்): உறுப்பினர்கள் கொண்டுவரும் செடிகளில் பூச்சி இருந்தால் என்ன செய்வது? முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் தயக்கம்.

மறுக்கத்தான் வேண்டும். ஒரு மாவுப்பூச்சித் தொட்டி இருபது ஊர்களுக்குப் போய்விடும். விற்பனை மேசைக்கு முன்னால் சோதனை மேசை ஒன்று போட்டு, விதியை முன்கூட்டியே எழுத்தில் அனுப்பிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு, தொட்டி விளிம்பின் உட்புறம், அடித்துளை ஆகிய மூன்று இடங்களில் மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சு தேடுங்கள். தண்டில் பழுப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டினால் கழன்று வந்தால் செதில்பூச்சி. பிறகு செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரே மணிமணியாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அவரைக் குடும்பச் செடிகளிலும் முடிச்சு இருக்கும், ஆனால் அது நல்லது. விரலால் லேசாகத் தேய்த்தால் வேரை விட்டு உதிரும். நூற்புழு முடிச்சு உதிராது. அந்தச் செடியை மண்ணோடு உறைக்குள் கட்டி வெளியே கொண்டுபோங்கள்.

பெயர்ச் சீட்டில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். வெயிலில் பேனா மை மங்கிவிடும், பென்சில் நிற்கும். வாங்கிய செடிகளை வைக்க டோக்கன் போட்ட ஓரிடம் ஒதுக்கினால் மக்கள் இரு கையும் காலியாக மீண்டும் வாங்க வருவார்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பிரதிநிதிகள் செடி வாங்கிப் போகலாமா?

பைட்டோசானிட்டரி சான்றிதழ் (செடியில் பூச்சியோ நோயோ இல்லை என்று அரசு தரும் சான்று) இல்லாமல் பெரும்பாலான நாடுகள் செடியை உள்ளே விடாது. பல நாடுகளில் விதைக்கும் அதே கதை. மண்ணை அநேகமாக எந்த நாடும் அனுமதிப்பதில்லை. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், கள்ளியினங்களில் பெரும்பாலானவையும் 1975 முதல் நடைமுறையில் இருக்கும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வருகின்றன. பாஃபியோபெடிலம் என்ற ஆர்க்கிட் வகை அதில் மிகக் கடுமையான முதல் இணைப்புப் பட்டியலில் இருக்கிறது. இதைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிடுங்கள். விமான நிலையத்தில் செடி பறிபோன பிறகு சொல்லிப் பயனில்லை.

கேள்வி: தன்னார்வலர்கள் இரண்டாம் நாள் மதியமே சோர்ந்துவிடுகிறார்களே?

4 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் மாற்று ஆள் வையுங்கள். ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு சொற்பொழிவையோ ஒரு தோட்டத்தையோ பார்க்கும்படி அட்டவணை போடுங்கள். செடி மேல் உள்ள ஆசையில்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள்.

கேள்வி: சாப்பாட்டுக்குப் பிறகான சொற்பொழிவில் எல்லாரும் தூங்குகிறார்கள்.

இருட்டறையில் படம் காட்டும் உரையைக் காலைக்கு மாற்றுங்கள். மதியம் ஒட்டுக்கட்டுவது, பதியம் போடுவது போன்ற செய்முறை வையுங்கள். மேசைக்கு 12 பேர், ஆளுக்கொரு குச்சி, பகிர்ந்துகொள்ள நான்கு கத்தி. விரல் வெட்டுப்பட்டால் கட்டுவதற்குக் கட்டுத்துணிப் பெட்டி பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: முடிந்த பிறகு என்ன மிச்சம்?

இரவல் குவளைகளை எண்ணித் திருப்புங்கள், கழுவிக் காயவைத்த பிறகு. கணக்கை 30 நாளுக்குள் மூடுங்கள். அடுத்து நடத்தும் சங்கத்துக்கு ஒரு கோப்பு கொடுங்கள்: பட்ஜெட்டும் உண்மைச் செலவும் பக்கத்துப் பக்கமாக, பேருந்துகள் உண்மையில் புறப்பட்ட நேரம், மீந்த சாப்பாட்டு எண்ணிக்கை. பதிவு மேசையில் கால் மணிக்கு ஒருமுறை எத்தனை பேர் வந்தார்கள் என்று கோடு போட்ட தாளையும் அதில் சேருங்கள். எத்தனை மேசை போடுவது என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.